காரின் நெற்றியில் வைத்த பொட்டு

ஔந்த், புனே

அன்புள்ள செல்லக்கனிக்கு,

உன் இடுப்புவலி குறைந்ததா? அம்மாவுக்குச் சளி விட்டதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாகவே இருக்கிறேன்.

நான் ஓட்டுகிற கரண்ட் காரை நீ பார்க்க வேண்டும். சத்தமே கிடையாது, மேட்டில் ஏறுவதே தெரியாது. மழை வந்தால் வைப்பர்கூடத் தானாக ஓடும் என்றார்கள். அதுதான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. சுள்ளென்ற வெயிலில் காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று துடைக்கும். போன வாரம் போசரி போகையில் மழை கொட்டியபோது அசையவே இல்லை. பதறாதே, ஓரங்கட்டி சுவிட்சைப் போட்டு நானே ஓடவிட்டேன்.

“இத்தனை விலை குடுத்து வாங்கின வண்டிக்கு மழை தெரியலையே மேடம்” என்று ஸ்ரீவித்யா மேடத்திடம் புலம்பினேன். வண்டி அவருடையது; கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடியை அண்ணாந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க இசக்கியண்ணா, மழையைப் பாக்கற கண்ணு அங்கதானுங்க இருக்குது. அதுமேலயே பொட்டு வெச்சா அது என்னத்தப் பாக்கும்?”

நீ சொன்னபடி வெள்ளிதோறும், கண்ணாடியின் உச்சி நடுவை வண்டியின் நெற்றி என்று நினைத்து, சந்தனமும் கோமதி அம்மன் குங்குமமும் அப்பிவந்திருக்கிறேன்!

துடைத்ததும் அடுத்த தூறலிலேயே வைப்பர் விழித்துக்கொண்டது. தூறலுக்கு மெதுவாக, பெருமழைக்கு வேகமாக. பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்வது போல இருக்கிறது.

இப்போது பொட்டு பானெட்டில்தான். மேடத்தை அழைக்கப் போக நேரமாகிவிட்டது. குங்குமம் தீரப்போகிறது. கூரியரில் அனுப்பாதே. தீபாவளிக்கு நீயே எடுத்துக்கொண்டு வா.

உன்
இசக்கிமுத்து