மிளகு வாய் திறக்கவில்லை

ஜூலை 8

சோஃபியாவுக்கு டெங்குதான். என் மனைவி யூனிஸ் அவளோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். காக்ஸ் டவுன் வீட்டில் நானும், சோஃபியாவின் இரண்டு கெக்கோ பல்லிக் குட்டிகளும்தான். பெயர் இஞ்சி, மிளகு. உயிருள்ள பூச்சியைத் தவிர வேறெதையும் தொடாத ஜென்மங்கள்.

காய்ச்சலில் கொதிக்கும்போதும் மகளுக்கு அந்தக் கவலைதான். “டாடி, சுவர்க்கோழிப் பூச்சி சின்னதா பாத்து வாங்கு. மிளகோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்ளோ இடமோ, அதைவிடப் பெரிசு போடாத. மேல வெள்ளை பவுடர் தூவணும். கால்சியம். மறந்துடாத.”

ஜூலை 9

சிவாஜிநகர் பறவைக் கடையில் சுவர்க்கோழி வாங்கினேன். சின்னதும் பெரியதும் கலந்த டப்பா. நாமே பொறுக்க வேண்டும். எனக்குப் பூச்சி என்றாலே உடம்பு கூசும். மூடியைத் திறந்ததும் ஒன்று சட்டைக்குள் புகுந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு சேஷகிரி ஓடி வந்தார். “என்ன சார், பாம்பா?” மானம் போயிற்று.

ஆனால் இரண்டும் சாப்பிட்டன. வீடியோ காலில் காட்டினேன். சோஃபியா சிரித்தாள்.

ஜூலை 10

பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 11

பவுடர் டப்பா கை நழுவி சிங்க்கில் விழுந்து, பவுடரெல்லாம் தண்ணீரோடு போயிற்று. கடையில் இல்லை. ஆர்டர் போட்டிருக்கிறேன், வர நாளாகும். சோஃபியாவிடம் சொல்லப் பயம்.

யோசித்தேன். சுண்ணாம்பும் கால்சியம்தானே? வெற்றிலையில் தடவி மனிதர்களே தின்கிறார்களே? பீடாக் கடையில் வாங்கி, காயவைத்து, பொடித்துத் தூவினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் மிளகுக்கு. கவ்வியதும் துப்பிவிட்டுத் தலையை உதறு உதறென்று உதறியது. இஞ்சிக்குப் போடவில்லை.

ஜூலை 12

காலையில் மிளகின் வாயோரம் வீங்கிச் சிவந்திருந்தது. கால்நடை டாக்டர் கிருத்திகாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“சுண்ணாம்பா? சார், அது நம்ம தோலையே அரிக்கும். இதுக்கு இத்தனூண்டு வாய்.” கழுவினார். மருந்து வைத்தார். துளித்துளியாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிழைக்குமா என்றதற்கு, “தானா வாயைத் திறந்து சாப்பிட்டா பிழைச்சுக்கும்” என்றார்.

வெளியே வருவதற்குள் யூனிஸ் போன். “பிளேட்லெட் ஏத்தணும்னு சொல்றாங்க. சீக்கிரம் வாங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

மிளகு செத்துப்போனால்... வேண்டாம், எழுதவே கூடாது. பல்லிக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. தெரியும். தெரிஞ்சும் பயமா இருக்கே, என்ன பண்றது? கர்த்தரே, ரெண்டையும் விட்டு வையும்.

ஜூலை 13

பிளேட்லெட் ஏற்றினார்கள். மிளகு வாய் திறக்கவில்லை.

ஜூலை 15

சோஃபியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எண்ணிக்கையும் ஏறுகிறதாம். கண் விழித்ததும் பல்லிகளைத்தான் கேட்டாள். வீடியோ காலில் இஞ்சியைக் காட்டினேன். போனைத் திருப்பி, மறுபடி இஞ்சியையே காட்டி, “இது மிளகு” என்றேன்.

“டாடி, இதுவும் இஞ்சிதான்.”

சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு, வீக்கம், எல்லாம். அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் யூனிஸ் போன் செய்தாள். “என்னத்த சொல்லித் தொலைச்சீங்க? வாயில தண்ணிகூட வைக்க மாட்டேங்கறா.”

ஏன்டா சொன்னே? பொய்யே சொல்லியிருக்கலாமா?

ஜூலை 16

ஆர்டர் போட்ட பவுடர் வந்துவிட்டது. சோஃபியா ராத்திரியே இரண்டு வாய் கஞ்சி குடித்தாளாம். என்னோடு பேசவில்லை. மிளகின் வாய் வீக்கம் வற்றியிருக்கிறது. ஆனால் வால் சுருங்கி இளைத்துவிட்டது. பூச்சியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என் கை வாசனை அதற்குத் தெரியுமோ?

ஜூலை 19

சோஃபியா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததிலிருந்து கண்ணாடித் தொட்டி முன்னால்தான். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். கிட்டே போகத் துணிவு இல்லை.

சாயங்காலம் பூச்சியை அவளே பொறுக்கினாள். புதுப் பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தூவினாள். ஆனால் இடுக்கியை அழுத்திப் பிடிக்க இன்னும் தெம்பு வரவில்லை. பூச்சி இரண்டு தடவை நழுவியது.

“டாடி, வா. புடி.”

இடுக்கியை வாங்கிப் பூச்சியைத் தொட்டிக்குள் பிடித்தேன். மிளகு பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. வால் நுனி மெல்ல ஆடியது. டக்கென்று கவ்வி விழுங்கிவிட்டது.

இடுக்கியை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“இஞ்சி பசியோட இருக்கு டாடி. அதுக்கும் நீயே போடு.”