இளவட்டக்கல்லில் போட்ட துண்டு

என் பிரியத்துக்குரிய சங்கரா,

நீ போய் ஆறு வருசமாகிறது. உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும், அதுதான் பயம். இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது.

நயா பைசா வந்த வருசத்துச் சாரல் நினைவிருக்கிறதா? எனக்கும் உன் தங்கை செண்பகத்துக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நீ, நான், நம் மைதீன் மூவரும் வாடகை சைக்கிளில் கிளம்பினோம். குஸ்திக்கும் சிலம்பத்துக்கும் பேர்போன இடங்களையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது உன் பைத்தியம். தென்காசியில் மல்யுத்தக் கோதாவின் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டாய். ஒரு பயில்வான் வீட்டு முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறைய மெடல்கள், சுவரோரம் கர்லாக்கட்டைகள். அங்கிருந்து உன்னைக் கிளப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குற்றாலம் போகும் வழியில் ஒரு சிற்றூரின் இளவட்டக்கல்லைப் பார்க்க நிறுத்தினோம். கிறுக்கன் நான், வேர்வை துடைத்த துண்டை அதன்மேல் போட்டேன். அந்த ஊரில் கல்லில் துண்டு போட்டால் தூக்குகிறேன் என்று அர்த்தமாம். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"துண்டப் போட்டாச்சுல்லா, தூக்கிட்டுப் போரும்," என்றார் ஒரு மீசைக்காரர்.

"கல்யாண மாப்பிள்ளை அண்ணாச்சி, விட்டுருங்க," என்று மைதீன் உளறிவைத்தான்.

"அப்பம் கட்டாயம் தூக்கணும். தூக்காதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

நீ சட்டையைக் கழற்றினாய். "மாப்பிள்ளைக்குப் பதிலா மச்சினன் தூக்குதேன்," என்றாய்.

பிறவியிலேயே உன் இதயத்தில் கோளாறு, கனம் தூக்கினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது உன்னோடு இருந்தவன் நான் மட்டும்தான். வீட்டுக்குத் தெரிந்தால் கோதாப் பக்கமே விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டாய். நான் அன்று வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தூக்க வேண்டிவரும். அந்தக் கேவலத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன், சங்கரா.

நீ கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் தள்ளினாய். எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்தருவியில் நீ குளிக்கவில்லை, ஓரமாக உட்கார்ந்துவிட்டாய். உதடு நீலம் பாரித்திருந்தது. "வீட்டுல சொல்லிராதலே," என்றாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். அருவிச் சாரல் ஒத்துக்கொள்ளாமல் ஜன்னி கண்டது என்று எல்லாரும் நம்பினார்கள். உன்னைக் கொன்றது அந்தக் கல்தானா?

எங்கள் மகனுக்கு இப்போது நாலு வயது. உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு. பத்தடி ஓடினால் மூச்சிரைத்துக் குந்திவிடுகிறான், அழுதால் உதடு நீலமாகிறது. போன வாரம் தென்காசியில் டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்று கேட்டார்.

"யாருக்கும் கெடையாது டாக்டர். எங்க அண்ணன் இளவட்டக்கல்லயே தூக்குனவன்லா," என்றாள் செண்பகம் பெருமையாக.

நான் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நாளை அவனைத் திருநெல்வேலிப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். அவரும் அதையேதான் கேட்பார். உண்மையைச் சொன்னால் செண்பகம் என் முகத்தில் முழிப்பாளா? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

ஆனாலும் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். பஸ் ஏறுவதற்கு முன்பே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், இது சத்தியம். அவள் என்னை விட்டுப் போனாலும் போகட்டும். பிள்ளை பிழைக்கட்டும்.

உன் மருமகனைப் பெற்றவன்,
வேலாயுதம்