ஓடும் இயந்திரத்துக்குக் கூலி

ஹம்போல்ட், சஸ்காச்சுவான்
அக்டோபர் 19

அன்புத் தம்பி மைரோனுக்கு,

அக்கா டார்லா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஹாலிஃபாக்ஸ் கடல்காற்று உன் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா? கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர ஒன்பது வருஷமாக நான் உனக்கு எதுவும் எழுதியதில்லை. போன வருஷத்திலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் வெர்ன் ஷ்மிட்ஸின் அறுவடை இயந்திரம் கோதுமைக்கு நடுவே நின்றுவிட்டது. இரண்டு நாளில் மழை என்று வானொலி சொன்னது. நம் பட்டறை மெக்கானிக் ஆர்வில் போய், ஆறு மணி நேரத்தில் பேரிங்கை மாற்றி ஓட வைத்தார். பணம் கட்ட வந்த வெர்னின் மனைவி லோர்னா, "உங்களுக்கு இது நல்ல வாரம்தான், இல்ல டார்லா?" என்றாள். குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மைதான். ஊரில் எத்தனை இயந்திரம் நிற்கிறதோ, நமக்கு அத்தனை நல்லது.

வெர்ன் நம்மிடம் வாங்கியது பேரிங்கா, மழைக்கு முந்தின ஒரு நாளா? பேரிங் எங்கேயும் கிடைக்கும். அந்த நாள் கிடைக்காது. அப்படியானால் அந்த நாளையே ஏன் விற்கக் கூடாது?

பழைய வேலைச் சீட்டுகளைப் புரட்டினேன். பாதிக்கு மேல் குளிர்காலத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய கோளாறுகள். வருஷத்துக்கு ஒரே கட்டணம். குளிர்காலத்தில் முழுசாகப் பார்த்துத் தருவோம். அறுவடையில் நின்றால் செலவு நம்முடையது. இப்படி ஆர்விலிடமும் வாடிக்கையாளர்களிடமும் சொன்னேன். ஆர்வில், "மெஷின் நல்லா ஓடிட்டே இருந்தா நான் என்னம்மா பண்றது, ஈ ஓட்டவா?" என்றார். வெர்னோ, "உடையாத மெஷினுக்கு எதுக்கு காசு? இன்ஷூரன்ஸ்காரி மாதிரி பேசுறியே!" என்று சிரித்தார். லோர்னாதான் அவரை இடித்துக் கையெழுத்துப் போட வைத்தாள். பதினான்கு குடும்பங்கள் சேர்ந்தன.

இந்தச் செப்டம்பரில் பட்டறை வெறிச்சோடிக் கிடந்தது. ஆர்வில் தரையை ஒரே நாளில் மூன்று முறை பெருக்கினார். தொலைபேசி அடிக்காததற்கு நான் பயந்தேன். ஒரு கியர்பாக்ஸின் கோளாறை மட்டும் குளிர்காலத்தில் கவனிக்காமல் விட்டிருந்தோம், அது அறுவடையில் நின்றது. இரண்டு நாள் இலவசமாக உழைத்தோம். முன்பு நம் பிழை அவர்கள் தலையில் விழும், இப்போது நம் தலையிலும் விழுகிறது. அதனால்தான் நம்புகிறார்கள் போலிருக்கிறது. வருகிற குளிர்காலத்துக்கு முப்பத்தொரு பேர்.

மைரோன், இதை நீ ஒன்பது வருஷத்துக்கு முன்பே இதே பட்டறையில் செய்தாய். தேய்ந்த பெல்ட்டைப் பற்றி ஒரு வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாய். "என் வயித்துல அடிக்கிறியாடா?" என்று அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். வீட்டை விட்டுப் போகுமுன் கதவருகே நின்று நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

நவம்பர் நடுவில் வேலை தொடங்குகிறது. ஆர்விலுக்கு வலது காது மந்தமாகிவிட்டது. தேய்கிற பேரிங்கின் சத்தத்தை உன்னைப்போல் கேட்கத் தெரிந்தவர் இங்கே யாரும் இல்லை. நீ வந்தால் தங்க மாடியறைக்குப் புது ஹீட்டர் போட்டிருக்கிறேன். வினிபெக் தாண்டியதும் சாலை வழுக்கும், மெதுவாக ஓட்டு. கடவுள் வழித்துணையாக இருக்கட்டும்.

வாசல் விளக்கை எரியவிட்டிருக்கும்
உன் அக்கா,
டார்லா