முன் முப்பத்தைந்து, பின் முப்பத்தெட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுகிறேன். மகள் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடும் பகல் தூக்கமுமாக இருக்கிறீர்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். தோள்கட்டைப் பிரித்தாயிற்று, காறை எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றும் சொன்னாள். நிம்மதி. இங்கே உங்கள் வீட்டுச் செடிகளுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, வாஷர் மாற்றினேன். இப்படியே குழாயைப் பற்றி எழுதி இரண்டு பக்கத்தை நிரப்பிவிட்டு, கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாமா என்றுதான் மனசு அலைகிறது.

முடியாது. போனில் சொல்லலாம் என்றால் தங்கச்சி உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் வந்த உங்கள் கடிதத்தை நாலு முறை படித்துவிட்டேன். சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருந்தீர்கள். அது கூடப் பரவாயில்லை. “மச்சான், நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிதான். என் கை நடுங்குகிறது. கை நடுங்குகிறவன் மருந்துக்கடையில் நிற்கக் கூடாது. ஒன்றாம் தேதி முதலாளியிடம் சொல்லி விலகிக்கொள்ளப் போகிறேன்” என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகக் குழந்தை மருந்தைக்கூட ஒரு சொட்டு பிசகாமல் அளந்து கொடுத்த கை அது. அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை மாப்பிள்ளை. கோளாறு முழுக்க என்னிடம் இருக்கிறது.

நாம் சைக்கிள் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? நீங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டீர்கள். எந்த உயரச் சைக்கிள் பொருந்தும் என்று பார்க்க, சுவரோடு சாய்ந்து, காலிடுக்கில் புத்தகத்தை வைத்துத் தங்கச்சியை அளக்கச் சொன்னீர்கள். அவள் சிரித்த சிரிப்பில் இஞ்ச் டேப் கீழே விழுந்தது. நாற்பது மில்லிமீட்டர் டயரா, நாற்பத்தைந்தா என்று கடைக்காரரை நாலு முறை போய்க் குடைந்தீர்கள். அவர் உங்களுக்கு ‘டேப்பு’ என்று பெயரே வைத்துவிட்டார். தார் ரோட்டில் பாதி, மண்ணிலும் ஜல்லியிலும் மீதி ஓட்டுகிறவனுக்குக் கிராவல் சைக்கிள்தான் சரி, ரேஸ் சைக்கிள் மாதிரி ஹேண்டில் வளைந்திருந்தாலும் டயர் தடிமனாக இருக்கும், அதில் காற்றைக் குறைத்து வைத்தால்தான் கல்லைக் கவ்விப் போகும் என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். நான் பச்சை நிறம் பிடித்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் வாங்கி வந்தவன். உங்கள் பாடம் என் காதில் ஏறவே இல்லை. உங்களை வம்புக்கிழுப்பதே எனக்கு அப்போது பொழுதுபோக்கு.

டிரைவிங் ஸ்கூல்காரன் புத்தியும் சேர்ந்துகொண்டது. ஓட்டுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலுக்கு முன்னால் என் காலை பிரேக்கில் வைப்பதே என் பிழைப்பு. அடுத்தவர் கையில் ஒரு வண்டி இருந்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தார் ரோட்டில் நீங்கள் பின்தங்குவதும், வாய்க்கால் பாலத்தில் நான் காத்துக்கொண்டு நிற்பதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. டயர் மெத்தென்று இருந்தால் மனிதன் எப்படி வேகமாகப் போவான் என்று நினைத்தேன்.

இனி சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே போனீர்கள். உங்கள் பம்பு வாசலிலேயே இருந்தது. நான் இரண்டு டயருக்கும் காற்றடித்தேன். மீட்டரில் முள் எழுபதைத் தொடும்வரை அடித்தேன். நீங்கள் வெளியே வந்ததும் ஒன்றும் தெரியாதவன் போல ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தார் ரோட்டில் அன்று நீங்கள் என்னோடு ஒட்டியே வந்தீர்கள். நல்லா போகுதுல்ல என்று கேட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. கல்குவாரி இறக்கத்தில் ஜல்லி ஆரம்பித்ததும், “மச்சான், இன்னிக்கு வண்டி ரொம்பத் துள்ளுது” என்று நீங்கள் பின்னாலிருந்து கத்தினீர்கள். எனக்கு அப்போதே பொறி தட்டியது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? “வண்டி துள்ளல மாப்ள, உங்க கைதான் நடுங்குது” என்று சொல்லிச் சிரித்தேன். அடுத்த வளைவில் சத்தம் கேட்டது.

அந்த வார்த்தையைத்தான் நீங்கள் ஐந்து வாரமாக மனதில் வைத்து உங்களையே தின்றுகொண்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் தங்கச்சி, “இந்த வயசுல இவருக்கு எதுக்குண்ணே இந்த விளையாட்டெல்லாம், ஒரு வண்டிய ஒழுங்காப் பிடிக்கத் தெரியல” என்று புலம்பினாள். நான் தலையாட்டினேன். என் கையில் டீ இருந்தது, அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகுகூட நான் திருந்தவில்லை, இதையும் கேளுங்கள். சைக்கிளை விற்றுத் தொலைத்தால் விஷயம் அதோடு போய்விடும் என்று, வாங்க ஆள் பார்த்தேன். மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருக்கிற ஒரு பெண் நேற்று வந்தாள். அவள் நிறத்தைப் பார்க்கவில்லை, கியரைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் டயரை அழுத்தினாள். பையிலிருந்து காற்றளக்கிற சின்ன மீட்டர் ஒன்றை எடுத்து டயரில் வைத்தாள். ஐந்து வாரம் சும்மா நின்று இறங்கிய பிறகும் ஐம்பது காட்டியது. அப்புறம் குனிந்து, சட்டத்தில் நீங்கள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மருந்து பாட்டிலில் ஒட்டுவீர்களே, அதே வெள்ளைச் சீட்டு. எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று: முன் 35, பின் 38. எறும்பு வரிசை மாதிரி உங்கள் கையெழுத்து, ஒரு எழுத்து ஆடவில்லை. நான் அதுவரை அதைப் படித்ததே இல்லை.

“இவ்ளோ தெளிவா எழுதி வச்சிருக்காரே, அப்புறம் யாருண்ணே இப்படிக் கல்லாட்டம் அடிச்சது? ஜல்லியில ஆளைத் தூக்கிப் போட்டுடுமே” என்று கேட்டாள். எனக்குத் தெரியாதும்மா என்று சொன்னேன் மாப்பிள்ளை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் பொய் சொல்கிற அளவுக்கு இறங்கிவிட்டேன். விற்பதற்கில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, உங்கள் வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை சீட்டில் உள்ளபடி காற்றைக் குறைத்தேன். உங்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டு அதே குவாரி இறக்கத்துக்குப் போனேன். சீட் உயரம் எனக்கு ஒத்துவரவில்லை, முழங்கால் இடித்தது. ஆனால் ஜல்லியில் வண்டி துள்ளவில்லை. டயர் கல்லை வாங்கிக்கொண்டு அமுங்கி அமுங்கிப் போனது. நீங்கள் விழுந்த வளைவைச் சாதாரணமாகத் தாண்டிவிட்டேன். கீழே போய் நிறுத்திவிட்டு, ஆள் இல்லாத இடம் என்பதால் அழுதேன். உங்களிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது.

சைக்கிள் விற்கப்படாது. துடைத்து, உங்கள் கூடத்தில் நிறுத்தியிருக்கிறேன். திரும்பி வந்து ஓட்டுவதும் ஓட்டாததும் உங்கள் இஷ்டம். என்னோடு பேசுவதும் அப்படித்தான். ஆனால் ஒன்றாம் தேதி முதலாளியிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். என் வாய்க்கொழுப்புக்காக நீங்கள் வேலையை விட்டால் நான் எந்த முகத்தோடு அந்தக் கடையைத் தாண்டிப் போவேன்?

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளை எதிரே உட்கார வைத்து, உங்கள் வாயாலேயே முதலிலிருந்து படித்துக் காட்டுங்கள். என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் தகும். படிக்கும்போது காகிதத்தை வலது கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஆடுகிறதா என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.

நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

தலைகுனிந்து,
உங்கள் மச்சான்