எல்லாப் பிள்ளைகளையும் அந்த அறைக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி
(தாயைப் பெற்றவள், இப்போது வளர்ப்பவளும் நானே)

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: உளவியல் பேராசிரியரின் அறைக்குப் பிள்ளைகளை மைக்கில் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்தி, முன்போல எல்லாரையும் முறை வைத்து அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த கை இது. மனு எழுதித் தருபவரிடம் போனால் அவருக்கும் விஷயம் தெரிந்துவிடும் என்பதால் நானே எழுதியிருக்கிறேன். பேத்தியின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நேரில் வந்து தங்களிடம் மட்டும் சொல்வேன்.

1. பேத்தி கணக்கில் புலி. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்கும்தான். சென்ற ஆண்டு, பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத் தினமும் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள், "மட்டம் போட நடிக்கிறா" என்றார்.

2. அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து அந்தப் பேராசிரியர், வளரும் பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஆய்வுக்காகப் பள்ளிக்கு வந்தார். மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். வகுப்பில் உள்ள அத்தனை பேரும் வரிசைப்படி வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும்; சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இதுதான் அவர் வைத்த முறை. பேசப் பிடிக்காதவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வகுப்புத் தலைவி தூங்கிவிட்டு வந்தாளாம். எந்தப் பிள்ளைக்குள் என்ன கிடக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் தம்மாலும் முடியாது என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் சொன்னார். எல்லாரும் போனதால், உள்ளே யார் அழுதார் என்பது வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

3. பேத்தி என்ன பேசினாள் என்று அவரைக் கேட்டேன். "அதை அவதாம்மா உங்ககிட்ட சொல்லணும்" என்று வழியனுப்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு ஒரு நாள் தலை பின்னும்போது அவளே சொன்னாள். அவள் அம்மா, என் மகள், இறந்தபோது இவள் பள்ளியில் இருந்தாள். சாயங்காலம் திரும்பும்போது பாட்டியாவது இருப்பாளா என்றுதான் காலையிலேயே வயிற்றைப் பிசைந்ததாம். கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்டி என்று அதட்டினேன். பின்னியதை அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து பின்னினேன். அதன்பின் வாந்தி குறைந்தது. அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

4. இந்த ஆண்டு வந்த தலைமை ஆசிரியர் அந்த முறையை நிறுத்திவிட்டார். போய்க் கேட்டதற்கு, "நல்லா இருக்கிற பிள்ளைங்க பாடத்தை ஏம்மா கெடுக்கணும்? தேவைப்பட்டவங்க மட்டும் போகட்டும்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அவரும் கெட்டவர் அல்லர். ஆனால் தேவைப்பட்டவர்கள் யார் யார் என்று வகுப்பாசிரியர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைக் காலைக் கூட்டத்தில் விளையாட்டு ஆசிரியர் மைக்கில் வாசித்தார். பள்ளிக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே பேத்தியின் பெயர் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குள், "லூசு லிஸ்ட்ல நீ எத்தனாவதுடி?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுப்பதில்லை. மற்ற பிள்ளைகளும் போவதில்லை. வாந்தி திரும்பிவிட்டது.

5. ஒருவரும் வராததால் தேவையில்லை என்று முடிவுகட்டி, மாத முடிவில் அந்த அறையை விளையாட்டுச் சாமான் வைக்க எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். பேராசிரியர் வெளியிலிருந்து வந்தவர். வற்புறுத்தினால் மற்ற பள்ளிகளும் கதவைச் சாத்திவிடுமோ என்று தயங்குகிறார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

தாங்கள் மனமிரங்கி என் பேத்திக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்து தரலாம் என்று நினைக்கக்கூடும். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம், ஐயா. தனியாகப் போனால் மறுபடியும் தனியாகத்தான் தெரிவாள். முதல் மதிப்பெண் வாங்குபவள், விளையாட்டு ஆசிரியரின் மகன், ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்று அத்தனை பேரையும் அனுப்ப உத்தரவிடுங்கள். அந்தக் கும்பலில் ஒருத்தியாக என் பேத்தியும் போய்விட்டு வரட்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

மாணவியின் பாட்டி
(கையொப்பம்)

இடம்: பள்ளிக்குப் பின் தெரு
நாள்: 14, வெள்ளிக்கிழமை