அலமாரி மேல் ஒரு படை

பஹிர் தார்,
எத்தியோப்பியா,
ஹம்லே 10 (உன் ஊர்க் கணக்கில் ஜூலை 17)

அன்புத் தங்கை ஃபிக்ர்தேவுக்கு,

நலம். தானா ஏரி நீர்யானைகளும் நலம். உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னன.

உன் மகளும் என் மருமகளுமான ஹெர்மேலாவுக்கு, நான் எழுதிய ‘குழந்தைகளுக்கு அம்ஹாரிக்’ என்ற நம் மொழிப் புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். முப்பத்து மூன்று எழுத்துகள், ஆளுக்கு ஏழு வேஷம்! அச்சேறிய அன்று மின்சாரமே மரியாதைக்காக மூன்று மணி நேரம் ஒதுங்கி நின்றது. எட்டு வயதுக்காரி ஒரே வாரத்தில் முடித்துவிடுவாள்.

உன் அண்ணன்,
வொர்க்நே
(எழுத்துப் படைத் தளபதி)

மெல்பர்ன்,
ஆகஸ்ட் 3

அண்ணா,

புத்தகம் வந்தது. அலமாரி மேல் வைத்துவிட்டேன். ஹெர்மேலா வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள். “வீட்ல ஒரே மொழி பேசுங்க, குழந்தை குழம்பறா” என்கிறார் டீச்சர். நான் இங்கே வந்த புதிதில் வாயைத் திறந்தாலே சிரித்தார்கள். அவளுக்கு அது வேண்டாம். இனி எதுவும் அனுப்பாதே.

ஆங்கிலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கை பழகிவிட்டது.

ஃபிக்ர்தே

பஹிர் தார்,
நெஹாசே 15

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் மேன்மை தங்கிய தங்கையே,

உன் கடிதத்தை ஏரிக்கரையில் உரக்கப் படித்தேன். நாற்பது நீர்யானைகள் மூழ்கின, இன்னும் எழவில்லை.

அடியே, ஐந்து வயதில் நீ என்னை அம்ஹாரிக்கில் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக் கழுதை ஊரைவிட்டே போனது. அந்த வாய்க்காரியா இப்போது பயப்படுகிறாள்? அனுப்புவதை நிறுத்த மாட்டேன். புது வருஷம் வருகிறது. பெண் குழந்தைகள் மஞ்சள் பூவோடு வீடு வீடாகப் பாடுவார்களே, அந்தப் பாட்டு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முடிந்தால் கிழித்து எரி.

பணியாத அண்ணன்,
வொர்க்நே

மெல்பர்ன்,
மெஸ்கெரம் 2 (இந்த ஊருக்குத்தான் செப்டம்பர் 12)

அண்ணா,

எரிக்கவில்லை. எரிக்கத் தேடினால் புத்தகம் அவள் தலையணைக்கடியில் இருந்தது. “எனக்கு எட்டாதுன்னு நெனச்சியாம்மா? நாற்காலி எதுக்கு இருக்கு?” என்கிறாள்.

நேற்று புது வருஷம். தெருவோர வாட்டில் மரத்தின் மஞ்சள் பூவை ஒடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினாள். பதில் வரி பாட மற்றப் பெண்கள் வேண்டுமே, இங்கே யார் இருக்கிறார்கள்? மறுபடி பாடினாள். மறுபடி காத்திருந்தாள். அந்த வீட்டுக்காரர் சிரித்தார்.

வேலிக்குப் பின்னால் நின்ற நான் பதில் வரியைப் பாடிவிட்டேன். தெருவே கேட்டது.

“இது என்ன பாஷை?” என்றார் வீட்டுக்காரர்.

“எங்க பாஷை. முழுசா கேட்டுட்டுச் சிரிங்க” என்றேன்.

பதினொரு வீடு பாடினோம். திங்கட்கிழமை டீச்சரிடமும் சொல்லப்போகிறேன்: எங்கள் வீட்டில் இரண்டு மொழி.

இதை அம்ஹாரிக்கில், கையால் எழுதியிருக்கிறேன். பிழை திருத்தி அனுப்பினாயோ, அந்தக் கழுதை போன வழியில் நீயும் போவாய்.

உன் வாய்க்காரி,
ஃபிக்ர்தே