பெரட்டுக்குச் சொல்லாத பதில்

மச்சான்,

உன் மகள் செல்வி நேற்று என் கடைக்கு வந்து உன் வோக்கிடோக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நீ வைத்திருந்த அதே துணிப் பையில்தான் இருந்தது. பையைத் திறந்ததும் தைல வாடை. முழங்காலுக்குத் தேய்த்த கையோடு பிடித்துப் பிடித்துக் கறுப்பு ரப்பர் முழுக்க ஊறிப்போயிருக்கிறது. நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது, வாடை போகவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதில் பிரேக் ஒயில் கேட்டு வந்த மனிதர் சலித்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார். போகட்டும், எனக்கும் இப்போதெல்லாம் ஆளைப் பிடித்து நிறுத்தத் தெம்பில்லை.

உன் மகள் உன் ஜீப்பை ஓட்டுகிறாள். உன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள், கோபித்துக்கொள்ளாதே. இன்னொரு ஜீப்பும் நாலு பைக்கும் சேர்த்துவிட்டாள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களை நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, நாம் பைக்கில் ஆட்களைக் கூட்டி ஓடிய அதே தேயிலைத் தோட்டப் பாதைகளில் கூட்டிப்போகிறாள். எல்லா வண்டிக்கும் பேச வசதி வேண்டும், எந்த வோக்கிடோக்கி செட் வாங்கலாம் என்று கேட்கத்தான் வந்தாள். ஆனால் பாதியை அவளே முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"கையில வச்சிருக்கிற சின்ன செட்டு வேணாம் மாமா. மலைக்குப் பின்னால கேக்காதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. அதனாலதானே அன்னைக்கு அவ்வளவு நேரம் தண்ணி போற கானுக்குள்ள கெடந்தாரு. ஜீப் ரெண்டுக்கும் பெரிய செட்டு பூட்டிக்குவோம். பைக்குக்காரங்க போனை வச்சி சமாளிக்கட்டும்."

அந்தப் பாதையில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். ஆக, விழுந்தால் கூப்பிட ஒன்றும் இல்லாமல் நாலு பேர் பைக்கில் போகப்போகிறார்கள். அதுவும் நீ எனக்காகச் சொன்ன ஒரு பொய்யை நம்பி. நாளைக்கு வா, யோசித்துச் சொல்கிறேன் என்று அவளை அனுப்பினேன்.

நாம் செட் வாங்கிய கதை உனக்கு நினைவிருக்கும். மூன்று விதமான செட்டை வரவழைத்து என் கடை மேசையில் பரப்பி வைத்தோம். நீ கடைக்குப் பின்னால் போய் வாளித் தண்ணீரில் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினாய். வந்தவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்:

"எம்புட்டுத் தூரம் கேக்கும்னு பொட்டியில எழுதியிருக்கிறத விடுங்க நானா. அது கடலோரத்து ஆளுக்கு எழுதுனது. ஈரக் கையில தடவுனா பொத்தான் தெரியணும். கண்ணு பாதையில இருக்கணும்."

என்னைவிட நீ ஆறே மாதம் இளையவன். என்றாலும் ஊர் வழக்கப்படி எங்கள் முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி எனக்கும் நானாதான். பேசும் பொத்தான் செட்டில் இருந்தால் போதாது, வயர் இழுத்து பைக் கைப்பிடியில் வரவேண்டும், மைக் ஹெல்மெட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாய். "ஏத்தத்துல ஒரு கைய விட்டா, மறு கை பைக்கையும் சேத்து விட்டுரும்" என்றாய். மூன்றில் விலை குறைந்ததை நான் தள்ளிவிடப் பார்த்தேன், நீ அசையவில்லை. கடைசியில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். எனக்கொன்று, உனக்கொன்று.

பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதை முழுக்க என்னை ஒவ்வொரு வளைவாக, முடக்கு முடக்காக நிறுத்தி வைத்தாய். நீ முன்னால் போய்ப் பேசுவாய், கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். மலை குறுக்கே வந்தால் சத்தம் செத்துப்போகும், அடுத்த முடக்கில் திரும்ப உயிர் வரும். கேட்கிற முடக்கிலெல்லாம் பாறையில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தாய். அட்டை கடித்து என் கால் இரத்தமாகிவிட்டது. நீயோ "நானா, இங்க ஒரு மாடு பாதையில நிக்குது, உங்கள மாதிரியே நகர மாட்டேங்குது" என்று செட்டில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாய்.

ஆட்களைக் கூட்டிப்போகும்போது பொட்டு உள்ள இடம் வந்தால் பின்னால் வருகிற நீ பெரட்டு எடுப்பாய். விடிந்ததும் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டதும் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் உன் அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போனார்கள். அந்தச் சொல்லைத்தான் நீ பாதைக்குக் கொண்டுவந்தாய். பெயர் சொல்லிக் கூப்பிடுவாய், "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். ஒரு தடவை தலையாட்டிவிட்டு வந்த ஒருவரை நிறுத்தி, "சத்தம் குடுக்காத ஆளு வராத ஆளு" என்று சொன்னாய். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நீ விழுந்த அன்றைக்கு ரமழான் நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒன்று. வந்தவர்களை மேலே வேனில் ஏற்றிவிட்டோம். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நாம் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம், நான் முன்னால், நீ பின்னால். தூறல், பனி மூட்டம். என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. முதல் பொட்டில் "பெரட்டு. நானா, இருக்கீங்களா?" என்றாய். இருக்கேன் என்றேன். அடுத்த பொட்டிலும் அதே. அடுத்ததிலும்.

"ரெண்டு பேருக்கு என்னடா பெரட்டு" என்று எரிந்து விழுந்தேன்.

"ஒத்த ஆளுன்னாலும் பெரட்டு பெரட்டுதான்."

அப்போதுதான் செட்டின் குமிழைத் திருகி அணைத்தேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். பாதை முடிகிற பாலத்தடிக்கு வரும் வரைக்கும் நன்றாக இருந்தது.

பாலத்தடியில் உனக்காக நின்றேன். வழியில் யாராவது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருப்பார்கள், நான் நோன்போடு நிற்கிறேன், இவன் குடித்துக்கொண்டு இருக்கிறான் என்று நினைத்தேன். செட் அணைந்து கிடப்பது புத்தியிலேயே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. நல்ல ஏச்சு ஒன்றைத் தயார்செய்துகொண்டு திரும்ப மேலே ஏறினேன். ஒரு முடக்கில் சக்கரம் வழுக்கியதால் எஞ்சினை நிறுத்தினேன். அப்போது உன் குரல் கேட்டது. செட்டில் இல்லை, பனிக்குள்ளிருந்து நேராகக் கேட்டது.

"பெரட்டு. நானா, இருக்கீங்களா?"

உன் தொண்டை கம்மிப் போயிருந்தது. எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாய் என்று அந்தக் குரலே சொன்னது. பைக் கானுக்குள் சரிந்து கிடந்தது, உன் கால் அதற்கடியில். கையில் செட். பக்கத்துப் பாறையில் நீயே வைத்த சுண்ணாம்புப் பொட்டு.

பைக்கை எப்படித் தூக்கினேன் என்று தெரியாது. தூக்கிவிட்டு, பதற்றத்தில் என் கை தானாக இடுப்புக்குப் போய்க் குமிழைத் திருகியது. செட் பீப் என்றது. பச்சை விளக்கு எரிந்தது. நீ இன்னும் உன் பொத்தானை விடவில்லை, அதனால் இரண்டு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் கீச்சென்று அலறின. இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன. நீ அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"தண்ணி இருக்கா நானா?" என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நோன்புக்காரனிடம் தண்ணீர் ஏது. ஓடிப்போய் லயத்து ஆட்களைக் கூட்டிவந்து கம்பளியில் வைத்துத் தூக்கி இறக்கினோம்.

ஆஸ்பத்திரியில் உன் மனைவியும் செல்வியும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். "மலை மறைச்சிருச்சு. சின்ன செட்டு கேக்கல. நானா என்ன செய்வாரு பாவம்." உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நீங்கள் தேடிப் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று. நான் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன் மச்சான். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கால் சரியாகவே இல்லை. பைக்கை விட்டுவிட்டு ஜீப்புக்கு மாறினாய், தைலப் போத்தல் சட்டைப் பையிலேயே குடியிருந்தது. நாம் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை, அடுத்த வருட நோன்பில், ஜீப்பில் நான் பக்கத்தில் இருக்கும்போது பாதையைப் பார்த்தபடியே சொன்னாய். "நோன்பு நாள்ல மனுசனுக்குப் பேசுறதே பாடுதான் நானா." நான் ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. அதையும் விட்டேன். இன்னொரு நாள் கேட்கலாம் என்று இருந்தேன். நெஞ்சு வலிக்கிறது என்று போன ஆள் நீ திரும்பி வரவில்லை.

இன்று காலை செல்வி வந்தாள். தேத்தண்ணி வரவழைத்து முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். உங்க அப்பா சொன்னது பொய், செட்டில் ஒரு குறையும் இல்லை, நான்தான் அணைத்து வைத்திருந்தேன் என்று. நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருடம் சுமந்தது நாலு வசனம்தான்.

அவள் மேசையில் இருந்த உன் செட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்பா விழுந்த முடக்குல பொட்டு இருக்கு மாமா. மழையில அழிஞ்சப்ப நானே திரும்ப வச்சேன். கேக்குற எடத்துல எப்படிக் கேக்காமப் போச்சுன்னு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன்" என்றாள்.

"கேட்டிருக்கலாமேம்மா."

"அப்பாக்கிட்ட கேட்டேன். ஒனக்கு எதுக்கு அதுன்னு திட்டிட்டாரு." பிறகு தலையைத் தூக்கி, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன். எதிரில் இருந்த கடதாசியை இழுத்து எழுத ஆரம்பித்தாள். பைக் நாலுக்கும் சின்ன செட். லைசன்ஸ் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மைக், கைப்பிடியில் பொத்தான். கடைசியாக ஒன்றை எழுதி அடியில் கோடு போட்டாள். "குமிழத் திருகி அணைக்கிற செட்டு வேணாம் மாமா. ரெண்டு கையாலயும் சேத்து அழுத்துனாத்தான் அணையணும். அப்படி ஒண்ணு தேடித் தாங்க."

தேடித் தருகிறேன் என்றேன். உன் செட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தேத்தண்ணியைத் தொடவே இல்லை, ஆடை கட்டிப்போயிருந்தது. என் பழைய செட்டை மட்டும் குமிழைத் திருகி எரியவிட்டு, மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். கடை அலமாரியில் கிடந்த அதையும் உன்னுடையதையும் நேற்றிரவு நான்தான் சார்ஜில் போட்டு வைத்திருந்தேன். இனி இந்தப் பிள்ளை இந்தப் படி ஏறமாட்டாள் என்றுதான் இருந்தேன். ஜீப் ஸ்டேசன் பக்கமாக இறங்குகிற சத்தம் கேட்டது. நான் கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மேசையில் கிடந்த செட் பேசியது.

"பெரட்டு. மாமா, இருக்கீங்களா?"

பொத்தானை அழுத்தக் கை உடனே வரவில்லை. அவள் காத்திருந்தாள். திரும்பவும் கூப்பிட்டாள், உன்னைப் போலவே, அவசரம் இல்லாமல்.

"இருக்கேன்மா" என்றேன்.

இந்த மடலை எழுதும்போதும் செட் பக்கத்தில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது மச்சான். அன்றைக்கும் நான் இருந்தேன். நீ கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், கூப்பிட்டால் கேட்கிற இடத்தில்தான் இருந்தேன்.